நிழலாக நின்ற வீரர்

கால்பந்து வரலாற்றைப் பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்று நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "பெலேயைப் பற்றியா, மாரடோனாவைப் பற்றியா?" என்று ஆவலோடு கேட்டார். இருவரைப் பற்றியும் அன்று என்றதும் அவருடைய ஆவல் சற்றே குன்றியது. பிறகு நான் எடுத்துக்கொண்ட பெயரைச் சொன்னேன்: ஜெர்மனியின் பெர்ட்டி ஃபோக்ட்ஸ். "அவர் எத்தனை கோல் அடித்தார்?" என்று கேட்டார் நண்பர். தம் நாட்டின் சார்பில் 96 ஆட்டங்கள் ஆடினார், அவற்றில் ஒரே ஒரு கோல் அடித்தார் என்றேன். நண்பர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், விடைபெற்றுக்கொண்டார்.

நேயர்கள் அப்படிப் போய்விட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். மைதானத்தில் நாம் 'புல் பேக்' என்று சொல்லும் பின்காப்பாளரின் நிலை எனக்கு ஓரளவு தெரியும். கல்லூரி நாட்களில் நானும் அந்த இடத்தில்தான் ஆடினேன். முன்னே நிறுத்தத் தகுதியில்லாதவர்களைப் பின்னே நிறுத்துவது எங்கள் குழுவின் வழக்கம். அந்த ஆண்டுகளில் எங்கள் ஆட்டத்தைப் பிடித்த புகைப்படங்கள் சில இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் என் முழங்கை தெரிகிறது. மற்றவற்றில் நான் இல்லை. பந்து இருந்த பக்கம் கேமரா திரும்பியிருந்தது. பந்து வராமல் பார்த்துக்கொள்வதே என் வேலை.

பின்காப்பாளரின் கணக்குப் புத்தகம் விசித்திரமானது. அவன் தன் கடமையைச் செவ்வனே செய்தால் ஒன்றுமே நிகழ்வதில்லை. நிகழாத ஒன்றை எந்தச் செய்தித்தாளும் அச்சிடாது. அவன் தவறினாலோ, அது கோலாக விழுந்து, எண்ணாக மாறி, பதிவேட்டில் ஏறி, நூறாண்டு நிற்கும். வரவுப் பக்கத்தை வெறுமையாக விட்டுச் செலவுப் பக்கத்தை மட்டும் எழுதும் இந்தக் கணக்கை வைத்து ஒரு மனிதனை மதிப்பிடுவது எவ்வளவு நியாயம்? ஃபோக்ட்ஸின் வாழ்க்கையைப் படித்தபோது இந்தக் கேள்வியே திரும்பத் திரும்ப என் முன் வந்து நின்றது. ஆட்டக்காரராக இருந்தபோதும், பின்னர்ப் பயிற்சியாளரானபோதும் அவருக்கு இதே கணக்குத்தான் எழுதப்பட்டது.

1946ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், ரைன் நதிப் பகுதியில் புட்கன் என்னும் சிற்றூரில் பிறந்தார் ஹான்ஸ் ஹூபர்ட் ஃபோக்ட்ஸ். போர் முடிந்து ஓராண்டே கழிந்திருந்த காலம். பதின்மூன்று வயது முடிவதற்குள் தாயையும் தந்தையையும் அடுத்தடுத்து இழந்தார். உறவினரான அம்மையார் ஒருவர் அந்தச் சிறுவனை எடுத்து வளர்த்தார். பள்ளிப் படிப்புக்குப் பின் தொழிற்கருவிகள் செய்யும் பட்டறை வேலையைக் கற்றுக்கொண்டார். ஓய்ந்த நேரத்தில் ஊர்க் குழுவில் கால்பந்து ஆடினார். வளர்ந்தபின் அவருடைய உயரம் ஐந்தரை அடியே. ஜெர்மானியருக்கு அது குள்ளம். ஆயினும் அவர் ஒருவரைப் பற்றினால் விடமாட்டார். நாம் உடும்புப்பிடி என்கிறோம். ஜெர்மானியர், எலி வளையை விட்டு நகராத டெரியர் நாயை எண்ணி அவருக்கு அப்பெயரையே சூட்டினர். பாராட்டா ஏளனமா என்று பிரித்தறிய முடியாத பட்டம் அது. அவர் அதை மறுத்துச் சண்டையிடவில்லை, பேசாமல் ஏற்றுக்கொண்டார்.

1965ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், புட்கனுக்கு அருகிலுள்ள மோன்ஷன்கிளாட்பாக் நகரின் பொருசியா கழகத்தில் சேர்ந்தார். ஜெர்மனியின் தலையாய போட்டித் தொடராகிய புண்டஸ்லீகா தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாண்டுதான் அக்கழகம் அந்தத் தொடருக்குள் நுழைந்தது. உடன் நுழைந்த மற்றொரு கழகம் மியூனிக் நகரின் பயர்ன். இரண்டும் ஒரே வாசலில் ஒரே நாளில் காலடி வைத்தவை. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் ஜெர்மன் கால்பந்து பெரும்பாலும் இவ்விரண்டின் போட்டியாகவே இருந்தது.

பயிற்சியாளர் ஹென்னஸ் வைஸ்வைலர் இளைஞர்களைத் திரட்டி, அஞ்சாமல் முன்னேறித் தாக்கும் குழு ஒன்றை உருவாக்கினார். துள்ளி ஓடிய அவர்களுக்குக் 'குதிரைக் குட்டிகள்' என்று பெயர் வந்தது. குந்தர் நெட்சர் நடுவில் நின்று பந்தைப் பங்கிட்டுக் கொடுப்பார். யூப் ஹைன்கெஸ் கோல் அடிப்பார். குட்டிகளெல்லாம் முன்னே பாய்ந்துவிட்டால் வீட்டைக் காப்பவன் யார்? ஃபோக்ட்ஸ்தான். 1970, 1971, 1975, 1976, 1977 ஆகிய ஐந்து ஆண்டுகளில் அக்கழகம் ஜெர்மன் வாகையராயிற்று. ஐந்திலும் அவர் இருந்தார். 1975இலும் 1979இலும் ஐரோப்பியக் கழகங்களுக்கான யூஇஎஃப்ஏ கோப்பையை வென்றது, இரண்டிலும் இருந்தார். புண்டஸ்லீகாவில் அவர் ஆடிய ஆட்டங்கள் 419. அத்தனையும் ஒரே கழகத்துக்காக. நெட்சர் மாட்ரிட் சென்றார், பெக்கன்பவர் நியூயார்க் சென்றார், இவர் போகவில்லை.

இவ்விடத்தில் ஒரு சிறு கிளைக்கதை சொல்ல நேயர்கள் அனுமதிக்க வேண்டும். 1971 ஏப்ரல் 3ஆம் நாள், பிரேமன் நகரக் குழுவோடு ஆடிய ஆட்டத்தில், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, கிளாட்பாக் வீரர் ஹெர்பர்ட் லாவ்மன் ஓடிய வேகத்தில் கோல் வலைக்குள் விழுந்தார். மரத்தாலான கோல் கம்பம் முறிந்து சாய்ந்துவிட்டது! மாற்றுக் கம்பம் இல்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஆட்டம் கைவிடப்பட்டு, வெற்றி பிரேமனுக்கு வழங்கப்பட்டது. அவ்வளவு இழந்தும் அவ்வாண்டு வாகையர் பட்டத்தைக் கிளாட்பாக்தான் பெற்றது. முந்தைய ஆண்டு வென்ற பட்டத்தை மறு ஆண்டும் தக்கவைத்துக்கொண்ட முதல் கழகம் அதுவே. மரக் கம்பங்கள் போய் அலுமினியக் கம்பங்கள் வருவதற்கு அந்த நிகழ்ச்சியும் ஒரு காரணமாயிற்று. அந்த ஆண்டிலேயே நாட்டின் சிறந்த கால்பந்து வீரராக எழுத்தாளர்கள் ஃபோக்ட்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். 1979இலும் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். கோல் அடிக்காதவரை இருமுறை தேர்ந்தெடுத்த அந்த எழுத்தாளர்களை நான் மதிக்கிறேன்.

நாட்டுக் குழுவில் அவர் 1967இல் இடம்பெற்றார். 1970 உலகக் கோப்பையில் மெக்சிகோவில் இத்தாலியிடம் 4க்கு 3 என்று தோற்ற, இன்றும் ஜெர்மானியர் பெருமூச்சோடு பேசும் அரையிறுதியில் ஆடினார். 1972இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற குழுவில் பெயர் இருந்தது. ஆடும் வாய்ப்புக் கிட்டவில்லை. அந்த ஆண்டுகளை விரைந்து கடந்து, 1974க்கு வருகிறேன்.

அவ்வாண்டு உலகக் கோப்பை மேற்கு ஜெர்மனியிலேயே நடந்தது. முதல் சுற்றில் ஜூன் 22 அன்று ஹாம்பர்க் நகரில், பிரிந்துபோன உடன்பிறப்பாகிய கிழக்கு ஜெர்மனியோடு ஆட்டம். யூர்கன் ஷ்பார்வாசர் என்ற கிழக்கத்தியர் மேற்கின் காவலர்களை ஊடுருவி ஒரு கோல் அடித்தார். அந்தக் காவலர்களுள் ஃபோக்ட்ஸும் ஒருவர். கிழக்கு வென்றது. வரலாறு பிற்காலத்தில் இந்தக் கிழக்கையும் இவரையும் வேறொரு விதத்தில் சந்திக்கவைத்தது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

ஜூலை 7ஆம் நாள் மியூனிக்கில் இறுதியாட்டம். எதிரில் நெதர்லாந்து. அந்நாட்டின் யோஹான் கிராய்ஃப் அக்காலத்து ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவர். ஓரிடத்தில் நில்லாதவர், முன்னே இருப்பார் என்று பார்த்தால் பின்னே இருப்பார், வலப்புறம் தேடினால் இடப்புறம் தோன்றுவார். அவரை அடக்கும் பொறுப்பைப் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன் நம் ஐந்தரை அடிக்காரரிடம் ஒப்படைத்தார். ஒத்திகைக்காகப் பயிற்சி ஆட்டத்தில் நெட்சர் கிராய்ஃபாக நடித்தார். பழைய கழகத் தோழர் தம்மைப் படாத பாடு படுத்தியதை ஃபோக்ட்ஸ் எளிதில் மறந்திருக்க மாட்டார்.

ஆட்டம் தொடங்கியது. டச்சுக்காரர்கள் பந்தைத் தமக்குள் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மானியர் எவருடைய காலும் அதில் படவில்லை. கிராய்ஃப் நடுக்களத்துக்கு இறங்கி வந்து பந்தை வாங்கினார், திடீரென்று வேகமெடுத்தார், தம்மை நோக்கி வந்த ஃபோக்ட்ஸைக் கடந்துவிட்டார். உலி ஹோனஸ் குறுக்கே காலை நீட்டினார். கிராய்ஃப் விழுந்தார். பெனால்டி! யோஹான் நேஸ்கன்ஸ் அடித்தார், வலை அதிர்ந்தது. அன்று பந்தைத் தொட்ட முதல் ஜெர்மானியர் கோல்கீப்பர் செப் மையர்; தொட்டது வலைக்குள்ளிருந்து எடுப்பதற்காக. அடுத்த சில நிமிடங்களிலேயே கிராய்ஃபை முறைதவறித் தடுத்ததற்காக நடுவர் ஜாக் டெய்லர் ஃபோக்ட்ஸுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். இன்னொரு பிழை செய்தால் வெளியேற வேண்டியதுதான்.

அந்த நிலையில் இருக்கும் ஒரு மனிதனை எண்ணிப் பாருங்கள். உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒப்படைத்த ஒரே வேலையில் முதல் நிமிடத்திலேயே தவறியாகிவிட்டது. எண்பத்தைந்து நிமிடங்களுக்கு மேல் மீதி இருக்கின்றன. இனி அஞ்சி எட்டி நின்றால் கிராய்ஃப் ஆடிவிடுவார். ஆத்திரப்பட்டு மோதினால் நடுவர் வெளியே அனுப்பிவிடுவார். இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழைப் பாதை உண்டு. அதில் நடந்தார் ஃபோக்ட்ஸ். கிராய்ஃப் போன இடமெல்லாம் போனார். நின்ற இடத்தில் நின்றார். பந்து வருவதற்கு முன்பே அங்கே அவர் இருந்தார். சூரியன் உச்சியில் இருக்கும்போதுகூட விலகாத நிழல்போல் ஒட்டிக்கொண்டார். கிராய்ஃப் மெல்ல மெல்லப் பின்னுக்கு இறங்கினார். கோல் வாயிலிலிருந்து தொலைவில், தீங்கற்ற இடங்களில் பந்தை வாங்கத் தொடங்கினார். இடைவேளைக்குப் போகும்போது நடுவரோடு வாக்குவாதம் செய்து அவரும் ஒரு மஞ்சள் அட்டை வாங்கிக்கொண்டார். அதற்குள் பால் பிரைட்னர் பெனால்டியாலும் கெர்ட் மியூல்லர் தம் வழக்கமான சுழற்சியாலும் ஆளுக்கொரு கோல் அடித்திருந்தார்கள். இடையில் ஒருமுறை நிழலே உடலை விட்டுவிட்டு முன்னேறியது: ஃபோக்ட்ஸ் டச்சுக் கோல் வாயில்வரை சென்று பந்தை அடிக்க, கோல்கீப்பர் யோங்புளுட் தடுத்தார். இரண்டாம் பாதியில் கோல் ஏதும் விழவில்லை. 2க்கு 1 என்று மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றது.

இன்று அந்த ஆட்டத்தின் படச்சுருளைப் பார்ப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? கிராய்ஃப் ஃபோக்ட்ஸைக் கடந்து ஓடும் அந்த முதல் நிமிடத்தை. எஞ்சிய நேரம் அவரை ஓடவிடாமல் செய்ததை எந்தத் தொகுப்பிலும் காட்டுவதில்லை. எப்படிக் காட்டுவது? அங்கே காட்டுவதற்கு ஒன்றும் நிகழவில்லையே!

வென்ற கதையை மட்டும் சொன்னால் அது வரலாறு ஆகாது. 1977 மே 25 அன்று, உரோமாபுரியில், ஐரோப்பிய வாகையர் கோப்பைக்கான இறுதியாட்டத்தில் கிளாட்பாக்கும் இங்கிலாந்தின் லிவர்பூலும் மோதின. இம்முறை ஃபோக்ட்ஸ் நிழலாகத் தொடர வேண்டியவர் கெவின் கீகன். கீகனும் குள்ளர், இவரைப்போலவே ஓயாதவர். அவர் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார். நிழலை உதற முயலாமல், தாம் போகும் இடத்துக்கெல்லாம் அதை இழுத்துக்கொண்டு அலைந்தார். இழுக்க இழுக்க, ஃபோக்ட்ஸ் காக்க வேண்டிய இடம் வெறுமையாயிற்று. அந்த வெற்றிடத்தில் மற்ற லிவர்பூல் வீரர்கள் புகுந்தார்கள். கடைசியில், தனித்து முன்னேறிய கீகனை ஃபோக்ட்ஸ் பெனால்டிக் கட்டத்துக்குள் வீழ்த்த, அதில் மூன்றாவது கோல் விழுந்தது. 3க்கு 1. நிழற்கலையின் பலவீனம் அன்று வெளிப்பட்டுவிட்டது: எவன் நிழலை ஆளத் தெரிந்தவனோ அவனிடம் அது அடிமையாகிவிடும். அன்றிரவு லிவர்பூல் குழுவினரின் கொண்டாட்டத்துக்கு ஃபோக்ட்ஸ் தாமே சென்று கீகனைப் பாராட்டி, ஒரு கோப்பை பீர் வாங்கிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். என் கணக்கில் அது ஒரு வெற்றி.

அடுத்த ஆண்டு நேர்ந்ததற்கு அத்தகைய ஆறுதலும் இல்லை. 1978 உலகக் கோப்பை அர்ஜென்டினாவில். பெக்கன்பவர் அமெரிக்கா போய்விட்டதால் மேற்கு ஜெர்மனியின் தலைவர் இப்போது ஃபோக்ட்ஸ். ஜூன் 21 அன்று கோர்தோபா நகரில் ஆஸ்திரியாவோடு ஆட்டம். 47 ஆண்டுகளாக ஆஸ்திரியா ஜெர்மனியை வென்றதில்லை. ஜெர்மனி ஒரு கோல் முன்னணியில் இருந்தது. 59ஆம் நிமிடத்தில் கோல் வாயிலுக்கு முன் வந்த பந்து ஃபோக்ட்ஸின் மேல் பட்டுத் தம் கோலுக்குள்ளேயே விழுந்தது! பிறகு ஹான்ஸ் கிராங்கல் இரண்டு கோல் அடித்தார். ஆஸ்திரியா 3க்கு 2 என்று வென்றது. ஆஸ்திரிய வானொலியில் வருணனை செய்த எட்டி ஃபிங்கர், கடைசிக் கோலின்போது தமக்குப் பைத்தியமே பிடித்துவிடும் என்று கூவிய கூவல் அந்நாட்டில் இன்றும் பழமொழிபோல் வழங்குகிறது. ஒலிவாங்கியின் முன் அமர்ந்து இதைச் சொல்லும் எனக்கு அந்த மனிதரின் நிலை விளங்குகிறது. பரவசம் வந்தால் இலக்கணம் எங்கே நிற்கும்? ஆனால் அதே ஒலியை மற்றொரு பக்கத்திலிருந்து கேட்டவர் ஒருவர் உண்டு. அதுவே ஃபோக்ட்ஸ் தம் நாட்டுக்காக ஆடிய கடைசி ஆட்டம். நாட்டுக்காக ஒரு கோல் அடித்தவர், நாட்டுக்கு எதிராகவும் ஒரு கோல் அடித்துவிட்டு விடைபெற்றார். இரண்டாவதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

1979இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றதும், ஜெர்மன் கால்பந்துச் சங்கம் அவரை இளைஞர்களின் பயிற்சியாளராக்கியது. இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் குழுவைப் பதினோராண்டுகள் வளர்த்தார். பெரிய குழுவுக்கு ஃப்ரான்ஸ் பெக்கன்பவர் 1984இல் பொறுப்பேற்றார். இவ்விருவரையும் ஒருசேர நிறுத்திப் பார்ப்பது சுவையானது. இருவரும் பின்காப்பில் ஆடியவர்களே. ஆனால் பெக்கன்பவருக்குக் காவல் காக்க ஓர் ஆள் என்று கிடையாது; எல்லோருக்கும் பின்னால் தனித்து நின்று, வேண்டும்போது அரசனைப்போல் நடந்து முன்னேறுவார். மக்கள் அவரைப் 'பேரரசர்' என்றே அழைத்தார்கள். ஒருவர் பேரரசர், மற்றவர் டெரியர். 1990இல் இத்தாலியில் பெக்கன்பவர் உலகக் கோப்பையை வென்றபோது, அவருக்குத் துணைநின்றவர்களுள் ஃபோக்ட்ஸும் ஒருவர்.

வென்ற கையோடு பேரரசர் பதவி துறந்தார். துறக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார். கிழக்கு ஜெர்மனியின் வீரர்களும் இனி நம்மோடு சேரப் போகிறார்கள். பல ஆண்டுகளுக்கு நம்மை எவராலும் வெல்ல முடியாது. மற்ற நாடுகளுக்காக வருந்துகிறேன் என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொறுப்பேற்றவர் ஃபோக்ட்ஸ்! போகிறவர் புகழையும் எடுத்துக்கொண்டு, வருகிறவர் தலையில் வரம் என்ற பெயரில் ஒரு சாபத்தையும் வைத்துவிட்டுப் போனது போலாயிற்று. எவராலும் வெல்ல முடியாது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், வென்றால் அது கடமை. தோற்றால் அது குற்றம். பின்காப்பாளரின் பழைய கணக்குப் புத்தகம் அவர் மேசைக்கே திரும்பி வந்துவிட்டது.

1990 அக்டோபர் 3 அன்று இரு ஜெர்மனிகளும் ஒன்றாயின. டிசம்பர் 19 அன்று ஸ்டுட்கார்ட்டில் ஒன்றுபட்ட குழு சுவிட்சர்லாந்தை 4க்கு 0 என வென்றது. டிரெஸ்டனில் வளர்ந்த மத்தியாஸ் ஸாமர் அன்று களமிறங்கினார். கிழக்கின் மற்றொரு வீரர் அந்திரியாஸ் தோம் பின்னர் இறங்கிக் கோலும் அடித்தார். கிழக்கின் கோலைத் தடுக்கமுடியாமல் நின்ற அதே மனிதர், கிழக்கையும் மேற்கையும் ஒரே சட்டைக்குள் சேர்க்கும் வேலையைச் செய்தார். அரசியல்வாதிகள் கையெழுத்திட்டு முடித்துவிட்ட வேலையை இவர் பதினொரு பேரைக் கொண்டு நாள்தோறும் செய்ய வேண்டியிருந்தது.

வெற்றி உடனே வரவில்லை. 1992 ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில், யூகோஸ்லாவியா விலக்கப்பட்டதால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட டென்மார்க்கிடம் 0க்கு 2 என்று தோற்றார்கள். 1994இல் அமெரிக்காவில், தம் நாட்டு ரசிகர்களை நோக்கி இழிவான சைகை காட்டிய ஸ்டெஃபன் எஃபன்பெர்க் என்னும் சிறந்த வீரரைப் போட்டியின் நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பினார். நல்ல ஆட்டக்காரரை இழந்து நல்லொழுக்கத்தைக் காத்தார் என்று சிலர். இரண்டையும் இழந்தார் என்று சிலர். ஜூலை 10 அன்று காலிறுதியில் பல்கேரியாவிடம் 1க்கு 2 என்று தோற்றபோது இரண்டாமவர்களின் குரலே ஓங்கியது. பத்திரிகைகள் அவரை விட்டுவைக்கவில்லை. நான் தண்ணீரின்மேல் நடந்தாலும், 'பாருங்கள், இவனுக்கு நீந்தக்கூடத் தெரியவில்லை' என்பார்கள் என்று அவர் சொன்னதாக வழங்கும் மொழி அக்காலத்தின் வேதனையில் பிறந்ததே. அழுகைக்கும் நகைச்சுவைக்கும் இடையே உள்ள அந்த மயிரிழைப் பாதையிலும் அவருக்கு நடக்கத் தெரிந்திருந்தது.

1996ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைக்காக இங்கிலாந்து சென்றபோது, உலகக் கோப்பை வென்ற முன்னாள் தலைவர் லோத்தர் மத்தேயஸை அவர் அழைத்துச் செல்லவில்லை. நம் குழுவில் நட்சத்திரம் யார் என்று கேட்டவர்களுக்கு, குழுவே நட்சத்திரம் என்றார். சொன்னதைச் சோதித்துப் பார்ப்பதுபோல் துன்பங்கள் வந்தன. முதல் ஆட்டத்தின் பதினான்காம் நிமிடத்திலேயே தலைவர் யூர்கன் கோலர் காயமுற்று விலகினார். அடுத்துத் தலைமை ஏற்ற யூர்கன் கிளின்ஸ்மன் காலிறுதியில் காயமுற்றார். ஜூன் 26 அன்று வெம்பிளியில், இங்கிலாந்தை அதன் வீட்டிலேயே பெனால்டி உதைகளில் 6க்கு 5 என்று வென்ற அரையிறுதிக்குப் பிறகு, இருவருக்குத் தடை. இன்னும் சிலருக்குக் காயம். ஆடுவதற்கு ஆளில்லை! யென்ஸ் தோட் என்பவரைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ள ஐரோப்பியச் சங்கம் இசைவளித்தது. மாற்றுக் கோல்கீப்பர்கள் இருவருக்கும்கூட, தேவைப்பட்டால் களத்தில் ஓடி ஆடுவதற்கென்று பெயர் பொறித்த சட்டைகள் தயாராயின. கல்யாண வீட்டில் பந்தி பரிமாற ஆளில்லாமல் மாப்பிள்ளைத் தோழனை அழைப்பது போன்ற நிலை.

ஜூன் 30. இறுதியாட்டத்தில் செக் குடியரசு பெனால்டி மூலம் முந்தியது. 69ஆம் நிமிடத்தில் ஃபோக்ட்ஸ் ஒலிவர் பீயர்ஹோஃபை உள்ளே அனுப்பினார். நெடிய உருவம், இத்தாலியில் சிறு கழகம் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தவர், தாய்நாட்டில் பெரும்புகழ் இல்லாதவர். அவரை இப்போட்டிக்கு அழைத்துச் செல்லும்படி வற்புறுத்தியவர் பயிற்சியாளரின் துணைவியாரே என்று ஒரு பேச்சும் உண்டு. இல்லத்தரசியர் சொல் கேட்டுக் கெட்டவர் இல்லை என்பதற்கு நேயர்கள் இதை மேற்கோளாகக் கொள்ளலாம். நான்கே நிமிடங்களில் பீயர்ஹோஃப் தலையால் மோதிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் எவர் முதலில் கோல் அடிக்கிறாரோ அவர்க்கே வெற்றி என்ற 'தங்க கோல்' விதி அப்போது இருந்தது. 95ஆம் நிமிடத்தில் அவரே மறுபடியும் அடித்த பந்து ஒரு செக் வீரர்மேல் உரசி, கோல்கீப்பரின் கையில் வழுக்கி, மெல்ல உள்ளே உருண்டது. பெரிய போட்டி ஒன்றின் இறுதியாட்டம் தங்க கோலால் முடிந்தது அதுவே முதல் முறை. குழுவின் பின்காப்பைத் தாங்கியவர் ஸாமர், டிரெஸ்டன்காரர். அவ்வாண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரர் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. ஆறாண்டுகளுக்கு முன் பேரரசர் சொல்லிப்போன வாக்கை, ஒட்டுப்போட்ட ஒரு குழுவைக்கொண்டு, ஒரு பகுதியாவது நிறைவேற்றிக் கொடுத்தார் ஃபோக்ட்ஸ்.

அதற்குப் பின் இறங்குமுகம். 1998 உலகக் கோப்பைக்கு ஸாமர் காயத்தால் வர முடியவில்லை. விலக்கிவைத்த மத்தேயஸையே 37 வயதில் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. காலிறுதியில் குரோவேஷியாவிடம் 0க்கு 3. அன்று ஜெர்மன் வீரர் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். தோற்ற வேதனையில், ஜெர்மனிக்கு எதிராக ஏதோ சதி நடக்கிறது என்ற பொருள்பட ஃபோக்ட்ஸ் பேசிவிட்டார். 1977இல் கீகனைத் தேடிச் சென்று பாராட்டியவர் வாயில் அந்தச் சொல் வந்திருக்கக் கூடாது. செப்டம்பரில் பதவி விலகினார். எட்டு ஆண்டுகளில் அவர் நடத்திய ஆட்டங்கள் 102. வென்றவை 66, தோற்றவை 12 மட்டுமே. அவருக்குப் பின் வந்தவரின் பொறுப்பில், 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனி ஓர் ஆட்டத்திலும் வெல்லாமல் முதல் சுற்றிலேயே கடைசி இடத்தில் வெளியேறியது. எதைத் தடுத்துக்கொண்டிருந்தார் என்பது அவர் விலகிய பிறகே தெரிந்தது.

பின்னர் லீவர்குசன் கழகம், குவைத், ஸ்காட்லாந்து, நைஜீரியா, அஜர்பைஜான் என்று ஊர் ஊராகச் சென்று பயிற்றுவித்தார். ஸ்காட்லாந்துக் குழுவுக்கு முதல் அயல்நாட்டுப் பயிற்சியாளர் அவரே. ஃபேரோ தீவுகள் என்னும் சின்னஞ்சிறு நாட்டோடு 2002இல் 2க்கு 2 என்று சமன் செய்ததற்காக அங்கே வசை வாங்கினார். மறு ஆண்டு நவம்பரில் நெதர்லாந்தை கிளாஸ்கோவில் 1க்கு 0 என வென்று, நான்கே நாளில் ஆம்ஸ்டர்டாமில் 0க்கு 6 எனத் தோற்றார். அஜர்பைஜானில் மட்டும் 2008 முதல் 2014வரை ஆறு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உழைத்தார்.

2014 உலகக் கோப்பையின்போது இன்னொரு பணியும் ஏற்றார். அப்போது அமெரிக்கக் குழுவின் பயிற்சியாளராக இருந்தவர், 1996இல் வெம்பிளியில் அவர் கையிலிருந்து குழுவை நடத்திச் சென்று கோப்பை வாங்கிய கிளின்ஸ்மன். தம் பழைய ஆசானைச் சிறப்பு ஆலோசகராக அழைத்துக்கொண்டார். ஜூன் 26ஆம் நாள், பிரேசிலின் ரெசிஃபி நகரில், அமெரிக்கா எதிர்த்து ஆட வேண்டிய நாடு ஜெர்மனி. தாய்நாட்டுக் குழுவுக்குக் கோல் கிடைக்காமல் தடுப்பது எப்படி என்று, அறுபத்தேழு வயதில், எதிர் அணிக்கு யோசனை சொல்லும் இடத்தில் இருந்தார் ஃபோக்ட்ஸ். ஜெர்மனி 1க்கு 0 என வென்றது. கோல் அடித்தவர் பெயர் தாமஸ் மியூல்லர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் மியூனிக்கில் வெற்றி கோலை அடித்தவரும் ஒரு மியூல்லர்தான். இருவருக்கும் உறவு ஏதும் இல்லை.